பை வைத்துத் தைத்த பேர்

என் மகள் பிறந்த மூன்றாம் நாள், பால் குடித்து முடித்து ஏப்பம் விட்டவள், அந்த ஏப்பத்தின் வேகத்திலேயே தொட்டில் சேலையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி, அங்கேயே நின்றுகொண்டு காலை உதைத்தாள். லோடு ஆட்டோவைக் கழுவிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த என் வீட்டுக்காரர், "பிள்ளைக்கு வெக்கையா இருக்கும் போல, ஃபேனப் பாத்துப் போகுது" என்று சொல்லி, இறக்கை தலையில் பட்டுவிடக் கூடாதே என்று ஃபேனை நிறுத்தினார். நான் காலைப் பிடித்து இழுத்து இறக்கினேன், கையை எடுத்ததும் எழும்பினாள், இழுத்தேன், எழும்பினாள், எனக்குக் கை வலித்தது. பாவாடை நாடா ஒன்றை எடுத்து அவள் இடுப்பில் ஒரு முனையும் கட்டில் காலில் ஒரு முனையுமாகக் கட்டிவிட்டு உளுந்தங்களி தின்னப் போனேன். பெற்றவளுக்கும் பசிக்கும் அல்லவா.

எங்கள் பனையடிகுளம் முந்நூறு வீட்டு ஊர், மேற்கே மலையில் கணவாய், கிழக்கே கரண்டு எடுக்கிற காற்றாடிக் கம்பங்கள், நடுவில் குளமும் வயலும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி தெரிந்து, பிள்ளை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்ப்பதற்குப் பதிலாக அண்ணாந்து பார்த்து, மூக்கு யார் மாதிரி என்று வழக்கம்போலச் சண்டை போட்டு, சீனியும் சோப்பும் வைத்துவிட்டுப் போனார்கள். ஏன் எழும்புகிறாள் என்று கேட்டவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் எல்லாம் எதை வைத்துக் கட்டியிருக்கிறாய், நாடா அறுந்தால் என்ன செய்வாய், நைலான் கயிறு இடுப்பை அறுக்குமே, பழைய வேட்டிக் கரையைத் திரித்துக் கட்டலாமே என்று வேலைக்கு ஆகிற பேச்சுப் பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரி வெள்ளிக் கொலுசு போட்டுப் பார்க்கச் சொன்னாள், போட்டோம், கால் கீழும் தலை மேலுமாக நேராக நின்றாள், போட்டோவுக்கு நன்றாக இருந்தது, வேறொன்றும் ஆகவில்லை. பால் வழியாகப் பிள்ளைக்கு எடை போகட்டும் என்று எனக்கு எள்ளும் உளுந்தும் கருப்பட்டியுமாக இடித்து ஊட்டினார்கள். வந்த எடை எல்லாம் எனக்கே வந்தது.

அங்கன்வாடி ரெக்ஸி டீச்சருக்குத்தான் பாவம் திண்டாட்டம். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுத வேண்டும். தராசுத் தொட்டியில் பிள்ளையை வைத்தால் தொட்டியே மேலே போகிறது. டீச்சர் என் வீட்டு அம்மிக் குழவியை வாங்கிக்கொண்டுபோய் முதலில் அதை மட்டும் வைத்தாள், நாலு கிலோ. பிறகு குழவியோடு பிள்ளையையும் வைத்தாள், மூணே முக்கால்.

"என்ன உலகு, உன் பிள்ளை வந்ததும் குழவி இளைச்சுப் போச்சே" என்று என்னைப் பேர் சொல்லிக் கேட்டாள் ரெக்ஸி டீச்சர். "இந்த நோட்டுல கழிச்சு எழுத இடம் கிடையாது. 'பிள்ளை சுறுசுறுப்பு'ன்னு எழுதிக்கிடுதேன்."

அடுத்த மாதத்தில் ஊர் பழகிவிட்டது. முருங்கை மரத்து உச்சிக் கிளையில் எட்டாத காய்க்கு என் மகளை நாடாவோடு கேட்டு வாங்கிப் போவார்கள். கையில் அகப்பட்டதை இறுக்கிப் பிடிக்கிற வயசு, பிடித்ததும் நாடாவை இழுத்தால் காயோடு வந்துவிடுவாள். பஸ்ஸில் அவளை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொள்வேன், நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் தலைக்கு மேலே தூங்கிக்கொண்டு வருவாள். இப்படியே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் இருந்திருப்பேன், காற்று மட்டும் இல்லாத ஊராக இருந்தால்.

ஆனி பிறந்ததும் கணவாய் வழியாக எங்கள் ஊருக்குள் காற்று நுழையும். முதலில் கொடியில் காய்கிற துணியைத் தூக்கும், பிறகு ஓலையைத் தூக்கும், ஆடியில் தகரத்தைத் தூக்கும். நாடாவில் ஆடுகிற பிள்ளையை அது என்ன செய்யும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆடிக்குள் அவளுக்கு எடை வந்தாக வேண்டும். எடை எதில் வரும் என்றால் பேரில்தான் வரும், அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பேர் வைக்காத பிள்ளை பாதி இங்கே பாதி அங்கே, பேர் வைத்தால் தரையில் நின்றுவிடும்.

வைக்காமல் இல்லை, முப்பத்தோராம் நாளே வைத்தோம். பேர் வைக்கிறது அத்தை உரிமை, அதனால் என் வீட்டுக்காரருக்கு மூத்தவள், அடுத்த தெருவில் இருக்கிற செண்பகம் மைனி வந்து, வெற்றிலையை மடித்துப் பிள்ளை காதில் வைத்து மூன்று முறை ஒரு பேரைச் சொன்னாள். பிள்ளை மெல்ல இறங்கிப் பாயில் படுத்தாள். ஊரே பாயசம் குடித்தது. மறுநாள் காலையில் பார்த்தால் உத்தரத்துக்குக் கீழே மிதக்கிறாள். என்ன பேர் வைத்தோம் என்று வைத்தவளுக்கும் ஞாபகமில்லை, பாயசம் குடித்தவர்களுக்கும் ஞாபகமில்லை, ரெக்ஸி டீச்சர் நோட்டில் அந்த இடம் சோப்புப் போட்டுக் கழுவினது மாதிரி வெள்ளையாக இருக்கிறது. பிறகு இன்னொன்று வைத்தோம், அது குளிப்பாட்டும்போது வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னொன்று தும்மலில் போயிற்று. ஆறு பேர் வைத்தோம், ஆறும் நிற்கவில்லை. டிவியில் பார்த்ததும் புத்தகத்தில் பார்த்ததுமாக எடுத்த பேர்கள், ரெடிமேட் துணி மாதிரி, கடையில் மினுங்கும், உடம்பில் நிற்காது.

"நம்ம வீட்டுப் பேரு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது" என்றாள் மைனி, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. "அது நிக்கும். ஆனா ஆம்பளப் பேரு. அதுவும் அப்பா பேரு."

அதோடு அந்தப் பேச்சு நின்றது, ஏனென்றால் அது பேரனுக்கு என்று எடுத்து வைத்த பேர்.

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குளத்து மடையைத் திறக்கிறதும் மூடுகிறதும் அவர் வேலை. மடைப் பலகைக்கு மேலே ஒரு இரும்புப் பெட்டி, அதற்கு ஒரு சாண் நீளத்தில் ஒரு சாவி, அந்தச் சாவி எப்போதும் மாமா சட்டைப் பையில் இருக்கும், தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஊரில் யாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் முதலில் அந்தப் பையைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்வார்கள், பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்கள். சாவியின் கனத்தில் பை மாதம் ஒருமுறை கிழியும், நான்தான் உள்ளே கெட்டித் துணி வைத்து ஒட்டுப் போடுவேன். சாவியும் பேரும் ஒன்றாகத்தான் கைமாறும், தாத்தாவிடமிருந்து மூத்த பேரனுக்கு, நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டி. அதனால்தான் என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

மருமகள் மாமனார் பேரைச் சொல்லக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் சொன்னதில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பேர் கேட்டால் குளத்தைக் காட்டுவேன், கையால் மடை திருப்புகிற மாதிரி செய்வேன், கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடுவேன், வரிசையில் நிற்கிற யாராவது சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். நேருக்கு நேர் பேசுகிறதும் இல்லை. சாப்பாடு ஆயிற்று என்றால் கோழியைப் பார்த்து, "சோறு ஆறிப்போகுது, வந்தா என்ன" என்பேன். மாமா கோழியைப் பார்த்து, "கைகால் கழுவ வேண்டாமாக்கும்" என்பார். எங்கள் வீட்டுக் கோழிக்குத் தெரியாத குடும்ப விஷயம் கிடையாது.

இனி அந்த நாள். ஆனி மாதம் கடைசி வாரம், காலை பத்து மணி இருக்கும், முற்றத்தில் மிஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன், பிள்ளை வேப்ப மரத்தில் கட்டிய நாடாவில் மேலே ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு காற்று வந்தது. நாடா அறுந்தது. பிள்ளை வேப்ப மரத்துக்கு மேலே போனாள், மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போனாள், சிரித்துக்கொண்டே போனாள். நான் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன், கூப்பிடப் பேர் இல்லை. வைத்த ஆறு பேரில் ஒன்றும் நாக்கில் இல்லை. பெற்ற பிள்ளை கண் முன்னால் போகிறது. அப்போது எங்கிருந்து வந்ததோ, ஆறு வருஷமாக வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்தது, தொண்டை கிழிய வெளியே வந்தது:

"மடையாண்டபெருமாள்!"

பிள்ளை தேங்காய் விழுகிற மாதிரி விழுந்தாள். நல்ல வேளை, ஊரார் தைக்கக் கொடுத்த பழைய துணி மூட்டை மேல் விழுந்தாள், சிராய்ப்புக்கூட இல்லை. தூக்கப் போனேன், தூக்க முடியவில்லை. வீட்டுக்காரர் வந்து தூக்கினார், முடியவில்லை. லோடு ஏற்றுகிற ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், நெல் மூட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்குகிறவர்கள், அவர்களாலும் முடியவில்லை. அறுபத்தெட்டு வருஷப் பேர், அதற்கு முன்னால் பாட்டன் பூட்டன் வருஷங்கள் வேறு, அத்தனை வாய்க்காலும் அத்தனை வரப்புச் சண்டையும் அதற்குள் இருக்கிறது. பிள்ளை பதறவில்லை, கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு துணி மூட்டையோடு தரைக்குள் அரை அடி இறங்கியிருந்தாள்.

அதே நேரத்தில் டீக்கடையில், கையில் கிளாஸோடு பெஞ்சில் இருந்த என் மாமா எழும்பித் தகரக் கூரையில் தலை தட்டி நின்றார். பேர் போய்விட்டதல்லவா.

"அண்ணாச்சி, டீயச் சிந்தாம நில்லுங்க, கீழ ஆளுக இருக்கு" என்றாராம் டீக்கடைக்காரர்.

"எவம்ல என் பேரை எடுத்தது?" என்று மேலேயிருந்து மாமா கத்தினாராம்.

வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பட்டம் பிடித்து வருகிற மாதிரி நாலு பேர் அவரைத் தெரு வழியாகக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தரையில் புதைந்து கிடக்கிற பேத்தியையும் அழுதுகொண்டு நிற்கிற என்னையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. தன் பேரைத் தானே மூன்று முறை சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் கால் தரையைத் தொட்டது, பிள்ளை எழும்பினாள், என் வீட்டுக்காரர் தாவி நாடாவைப் பிடித்தார்.

திட்டு விழும் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமா அவிழ்ந்த வேட்டியை இறுக்கிக் கட்டினார். பிறகு கோழியைப் பார்த்துச் சொன்னார்:

"மேல போனா பிடிக்கதுக்கு ஒண்ணுமே கிடையாது. கைய நீட்டினா வெறும் காத்து. பச்சப்புள்ள இத்தன மாசம் இப்படியா கிடந்துச்சு."

அன்று சாயங்காலம் தெருவே எங்கள் முற்றத்தில் கூடியது. முழுப் பேரையும் கொடுத்தால் மாமா பறந்துவிடுவார், பிள்ளை புதைந்துவிடும். கொடுக்காவிட்டால் ஆடியில் பிள்ளை போய்விடும். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் செண்பகம் மைனிதான், "பேரு எங்க இருக்கும், வேர்வையில இருக்கும். வேர்வை எங்க இருக்கும், சட்டையில இருக்கும். இவதான் ஊராரு சட்டையெல்லாம் வெட்டிக் கவுன் தைக்காளே, அப்பா சட்டை ஒண்ணை வெட்டித் தைக்கட்டும். உள்ளத ரெண்டு பேருக்கும் ஆக்க வேண்டியதுதான?" என்றாள்.

அது என் தொழில். ஊரில் ஆண்கள் போட்டுத் தேய்ந்த சட்டை எல்லாம் என் மிஷினுக்கு வரும், வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கவுனாகப் போகும். காலரை எடுத்துவிடுவேன், கையைச் சுருக்கிக் கொசுவம் வைப்பேன், முன்னால் இருக்கிற பொத்தான் பட்டியைப் பின்னால் திருப்புவேன், மார்புப் பையைத் தையல் பிரித்து எடுத்துவிடுவேன். பெண்பிள்ளைக் கவுனுக்குப் பை எதற்கு, யாரும் வைத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. பை இருந்த இடத்தில் துணி வெளுக்காமல் ஒரு சதுரம் தெரியும், அதை மறைக்க அதன் மேல் ஒரு பூவோ வாத்தோ நூலால் போட்டுவிடுவேன். பிரித்த பைகளை எறிய மனசில்லாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், ஆறு வருஷப் பைகள், டப்பா மூட முடியாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

மாமா தன் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார், சாவியை மட்டும் எடுத்து மாற்றுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சட்டையத் தாரேன்" என்றார் கோழியிடம். "சாவி பேரன் வாரப்ப."

நான் வெட்டினேன், சுருக்கினேன், திருப்பினேன், பிரித்தேன், சதுரத்தின் மேல் ஒரு மஞ்சள் வாத்துப் போட்டேன். மைனி பேரையும் அதே மாதிரி வெட்டினாள். மடையை எடுத்துவிட்டு, பெருமாளில் கொஞ்சம் கிள்ளி, தாயை ஒட்டி, "பெருமாத்தாய், பெருமாத்தாய், பெருமாத்தாய்" என்று காதில் சொன்னாள். கவுனைப் போட்டதும் பிள்ளை உத்தரத்திலிருந்து இறங்கி இறங்கி, என் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றாள். மறுநாள் காலையிலும் அங்கேயே இருந்தாள், பேரும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

ஊருக்குத் திருப்தி. "தூக்கக் குனிய வேண்டாம், இடுப்பு வலிக்காது, வசதிதான்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "பொம்பளப் புள்ளைக்கு இது போதும்" என்றார் டீக்கடைக்காரர். ரெக்ஸி டீச்சர் மட்டும் குழவியோடு எடை பார்த்துவிட்டு, "நாலு கிலோ, உலகு. குழவி பழைய எடைக்கு வந்துட்டு. ஆனா உன் புள்ளை இன்னும் சைபர்தான்" என்றாள்.

ஆடி பிறந்தது. சைபர் எடைப் பிள்ளையைக் காற்று இடுப்பு உயரத்திலேயே உருட்டிக்கொண்டு போயிற்று. முதல் நாள் தெருமுனையில் பிடித்தேன், மூன்றாம் நாள் பஸ் ஸ்டாப்பில், ஏழாம் நாள் வயல் நடுவில். தூக்கிக்கொண்டே வேலை செய்தேன், கட்டிக்கொண்டே தூங்கினேன். பதினேழாம் நாள் காலையில், அவளை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் கூட்டமாகத் தெருவில் போனார்கள். எல்லாம் நான் தைத்த கவுன்கள். ஒவ்வொருத்தி நெஞ்சிலும் ஒரு பூ, ஒரு வாத்து, அதற்குப் பின்னால் வெளுக்காத ஒரு சதுரம். ஒருத்தி பென்சில் துண்டை வாயில் கடித்துக்கொண்டு போகிறாள், ஒருத்தி மிட்டாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு போகிறாள், ஒருத்தி பஸ் சில்லறையைக் காது மடலுக்குள் சொருகிக்கொண்டு போகிறாள். வைக்க இடமில்லை. இடத்தை நான்தான் எடுத்தேன், என் கையால், ஆறு வருஷமாக, யாரும் சொல்லாமலே. என் பிள்ளைக்கும் என் கைதான் எடுத்தது.

டப்பாவைக் கொட்டினேன். நீலக் கோடு போட்ட பையைத் தேடி எடுத்து, வாத்தைப் பிரித்துவிட்டு, சதுரத்தின் மேல் பையை வைத்து, உள்ளே கெட்டித் துணி கொடுத்து, இரட்டைத் தையல் போட்டேன். போட்டுவிட்டதும் பிள்ளை முழங்கால் உயரத்துக்கு இறங்கினாள். அதற்கு மேல் இறங்கவில்லை. கையைப் பைக்குள் விட்டுத் துழாவினாள், வெளியே எடுத்தாள், மறுபடி விட்டுத் துழாவினாள். வெறும் பை.

"வாத்து நல்லாத்தான இருந்துச்சு" என்றாள் மைனி.

"பை இன்னும் நல்லா இருக்கும் மைனி, அதுல எதாவது இருந்தா" என்றேன். மாமா காதில் விழும்படிதான் சொன்னேன். அவர் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஆடிப் பதினெட்டு. கார் நெல் நடவுக்கு மடை திறக்கிற நாள். ஊர் முழுக்கக் குளத்துக் கரையில், சித்திரான்னமும் தேங்காயும் பூவுமாக. சாரல் அடித்துக்கொண்டிருந்தது, குளம் ததும்பிக்கொண்டிருந்தது, காற்று அன்றைக்குத்தான் அந்த வருஷத்துப் பலத்தை எல்லாம் கொண்டுவந்தது. காற்றாடிகளே பயந்து நின்ற மாதிரி இருந்தன. நான் பிள்ளையை முந்தானையில் இரண்டு சுற்றுச் சுற்றி நெஞ்சோடு கட்டியிருந்தேன். மாமா மடைக்கல்லில் ஏறினார், பையிலிருந்து சாவியை எடுத்தார், ஊர் குலவை போட்டது. குலவைக்கு என் பிள்ளை துள்ளினாள், முந்தானை நெகிழ்ந்தது, காற்று அவளை எடுத்துக்கொண்டது.

கரைக்கு மேலே போனாள், மடைக்கல்லுக்கு நேராக. நான் ஓடினேன், என் கை எட்டவில்லை. மாமா எட்டிப் பாய்ந்து கவுன் ஓரத்தைப் பிடித்தார். பிடித்தவர் காலும் கல்லை விட்டது. பாதிப் பேர் கவுனுக்குள் போயிருந்ததல்லவா, அவரும் முன்னைப்போல் கனமில்லை. தாத்தாவும் பேத்தியுமாகத் தண்ணீருக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் காற்றில் ஆடினார்கள். என் வீட்டுக்காரர் தாவி மாமாவின் வேட்டி நுனியைப் பிடித்தார். நனைந்த வேட்டி, பழைய வேட்டி, கரை ஓரம் கிழிகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அப்போதுதான் நான் வாழ்க்கையில் முதல் தடவையாக, கோழி இல்லாமல், அவர் முகத்தைப் பார்த்துக் கத்தினேன்:

"மாமா! சாவியப் பையில போடுங்க!"

"பேரனுக்கு வச்சது தாயி!" என்று மேலேயிருந்து கத்தினார்.

"பேரன் வந்தா அவனுக்கும் தச்சுத் தாரேன் மாமா! வந்திருக்கது இவதான்!"

மாமா பிள்ளையைப் பார்த்தார். அந்தக் காற்றிலும் பிள்ளை கையைப் பைக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். எடுத்தாள், விரித்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. அவரைப் பார்த்தாள். அவருக்கு டீக்கடைக் கூரை ஞாபகம் வந்திருக்க வேண்டும், கையை நீட்டினால் வெறும் காற்று. ஒரு கையால் கவுனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாவியை அந்தப் பைக்குள் போட்டார். தலை வெளியே நீட்டிக்கொண்டு அது நின்றது. பை கிழியவில்லை, என் இரட்டைத் தையல்.

பிள்ளை இறங்கினாள். விழவில்லை, புதையவில்லை, கொக்கு வந்து உட்காருகிற மாதிரி இறங்கி மடைக்கல்லில் உட்கார்ந்தாள், அவளைப் பிடித்துக்கொண்டே மாமாவும் வந்து சேர்ந்தார். வெற்றிலை தேட நேரமில்லை, அத்தை உரிமை என்று மைனி சொல்லவும் இல்லை. அவரே குனிந்து, காற்றை மறைத்துக் கையைக் குவித்து, தன் பேரின் முன்பாதியைத் தானே வெட்டி அவள் காதில் மூன்று முறை சொன்னார்:

"மடையாண்டாள். மடையாண்டாள். மடையாண்டாள்."

பின்பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டார். பிறகு பிள்ளையின் கையைத் தன் கைக்குள் வைத்துச் சாவியைத் திருப்பினார். மடை திறந்தது, தண்ணீர் ஓடியது, நடவுக்குப் போனது, அந்த வருஷம் நல்ல விளைச்சல். ரெக்ஸி டீச்சர் கரையிலேயே தராசைக் கட்டிவிட்டாள்.

"ஆறே கால் கிலோ!" என்று கத்தினாள். "குழவி இல்லாம!"

பேரை வெட்டிப் பங்கு போட்டதில் மாமாவுக்கு ஒரு குறை வந்தது, அன்று முதல் அவர் தரைக்கு இரண்டு விரல் மேலேதான் நடக்கிறார். அதை அவர் குறையாகச் சொல்கிறதில்லை. முழங்கால் வலி போயிற்று, செருப்புத் தேய்கிறதில்லை, சேற்று வரப்பில் கால் வழுக்குகிறதில்லை. ஊரில் அவரைப் பெருமாள் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறார்கள். காற்று பலமாக இருக்கிற நாளில் மட்டும் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு போவார்.

என் பிஸ்கட் டப்பா காலி. ஆடி முடிவதற்குள் ஊரிலுள்ள கவுன்கள் எல்லாம் என்னிடம் திரும்பி வந்தன, ஒவ்வொரு சதுரத்தின் மேலும் அதனதன் பையைத் தேடி வைத்துத் தைத்தேன். வாத்துகளையும் பூக்களையும் பையின் மேல் போட்டுக் கொடுத்தேன், அதை விடுவானேன். இப்போது வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், தாத்தா சட்டையும் அப்பா சட்டையும் தூக்கிக்கொண்டு. இரண்டு வருஷம் கழித்து எனக்கு மகனும் பிறந்தான், அவன் பிறந்ததிலிருந்தே தரையில்தான் கிடக்கிறான், அவன் அக்காவின் பழைய கவுனை வெட்டி அவனுக்குச் சட்டை தைத்திருக்கிறேன், பையோடு.

மகளுக்கு இப்போது ஐந்து வயசு. மத்தியானம் சோறு ஆனதும் நான் வாசலில் நின்று, குளம் வரைக்கும் கேட்கும்படி, மாமனார் பேரில் முன்பாதியை வாயாரக் கூப்பிடுகிறேன்:

"மடையாண்டா! ஏட்டி மடையாண்டா! சோறு ஆறுது, வா!"

கரையிலிருந்து இரண்டு குரல் பதில் சொல்லும். "வாரேம்மா" என்று ஒன்று. "வாரேன் தாயி" என்று ஒன்று. பிறகு இரண்டு பேரும் வருவார்கள், ஒருத்தி பையில் கையை விட்டுக்கொண்டு புழுதி கிளப்பி ஓடி வருவாள், ஒருத்தர் இரண்டு விரல் மேலே புழுதி படாமல் வருவார், கோழி பேச்சுக்கு ஆள் இல்லாமல் முற்றத்தைக் கிளறிக்கொண்டிருக்கும்.